ரெண்டு விசில் கண்டக்டர்

கும்பகோணத்தில் விசில் ஊதி கம்ப்யூட்டரை ஓட்டிய ஒரே மனிதர் கண்டக்டர்தான். அவருக்கு முன்னாலும் யாரும் இல்லை, இனிமேலும் யாரும் வரப்போவதில்லை. அட்மிஷன் ஃபாரத்தில் பெயரையெல்லாம் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார். யார் படித்தார்கள்? முப்பது வருஷம் சுவாமிமலை டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவரை ஊரே கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டது.

அப்போது நான் ஒரு பாத்திரக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் சி லாங்வேஜ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழ்வேளூரிலிருந்து வந்து லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்த காலம். சென்டரில் ஐந்து கம்ப்யூட்டர், அதில் மூன்று ஓடும். காலேஜ் பிள்ளைகள் நாலு மணிக்கு மேல்தான் வருவார்கள். அதுவரை நானும் மின்விசிறியும்தான். அது கிறீச்சிடுவதைக்கூட ஆறுதலாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு பகல் பதினோரு மணிக்குக் கண்டக்டர் படியேறி வந்தார். ரிட்டயர் ஆகியும் கழுத்தில் விசில் தொங்கியது.

"சி படிக்கணும் மேடம்."

"யாருக்கு சார்?"

"எனக்குத்தான்."

அவருக்கு எதற்குச் சி? மெயில் அனுப்பப் பழகுங்கள், போதும் என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பொண்ணு சிங்கப்பூர்ல புரோகிராம் எழுதுற வேலைல இருக்கு. ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணும். சாப்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களா, மழை பேஞ்சுதா. அம்புட்டுதான். அப்புறம் ரெண்டு பேரும் சும்மா ஃபோனைப் பிடிச்சுக்கிட்டு இருப்போம். நாலு நிமிஷத்துல முடிஞ்சுடும். அது தொழில் கொஞ்சம் தெரிஞ்சா அஞ்சாவது நிமிஷமும் பேசலாம் பாருங்க. சம்சாரம் போனதுலேர்ந்து வீட்ல பேச்சே இல்ல மேடம்."

மறுநாளே வகுப்பு ஆரம்பமாகிவிட்டது.

பாடம் நடத்தியது நான் என்று பெயர்தான். நான் ஒன்று சொல்வேன், அவர் அதைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். முதல் வரியில் இன்க்ளூட் எதற்கு? டிப்போவில் பையும் டிக்கெட் புத்தகமும் வாங்கிக்கொள்வதற்கு. மெயின் என்பது பஸ் ஸ்டாண்ட், எந்த வண்டியும் அங்கிருந்துதான் கிளம்பும். பிரிண்ட்எஃப் என்றால் ஸ்டாப்பிங் பெயரைச் சத்தமாகச் சொல்வது. ஸ்கேன்எஃப் என்றால் பயணியின் முன்னால் கையை நீட்டிக்கொண்டு அவர் வாய் திறக்கும்வரை நிற்பது. ரிட்டர்ன் ஜீரோ போட்டால் வண்டி டிப்போவுக்குத் திரும்பிவிட்டது. எனக்கே அன்றைக்குத்தான் சி புரிந்த மாதிரி இருந்தது.

வினை செமிகோலனில் வந்தது. ஒவ்வொரு வரி முடிவிலும் ஒன்று வைக்க வேண்டும் என்றேன். ஓகோ, விசில் என்றார். ஆமாம் என்று தலையாட்டித் தொலைத்தேன். மனிதர் எல்லா வரிக்கும் இரண்டிரண்டாக வைத்தார்.

"ஒண்ணு போதும் சார்."

"ஒரு விசில் அடிச்சா வண்டி நின்னுடும் மேடம். ரெண்டு அடிச்சாத்தான் கிளம்பும்."

ஓடாது பாருங்கள் என்று ரன் கொடுத்தேன். ஓடியது. இரண்டாவது செமிகோலனைச் சி ஒரு வெற்று வரியாக எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும், அதுதான் விஷயம். ஆனால் கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஓசியில் ஏறியவனைப் பிடித்துவிட்ட பார்வை. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை ரன் கொடுக்கும்போதும் விசிலை நிஜமாகவே இரண்டு தரம் ஊதினார். கீழே பாத்திரக்கடையில் பேரம் நின்று போகும். சாயங்காலப் பிள்ளைகள் வாசலில் கூட்டமாக நின்றால், "படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு" என்பார். இடம் எங்கே இருந்தது?

ஒருநாள் அவர் வரவில்லை. பழைய ரூட்டிலேயே டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறி, கடைசி ஸ்டாப் வரை போய், இறங்காமல் அதே வண்டியில் திரும்பி வந்தாராம். "சும்மா ஜனங்க பேசறதைக் கேட்டுட்டு வந்தேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் துணி துவைத்துவிட்டு மகாமகக் குளத்துப் படியில் உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மகளுக்கு அனுப்ப அவரே ஒரு புரோகிராம் எழுத வேண்டும் என்று தீர்மானமாயிற்று. சாப்பிட்டாயா என்று அது கேட்கும். ஆமாம் என்றால் ஒன்று, இல்லை என்றால் சைபர் அடிக்க வேண்டும். ஒன்றுக்கு ஒரு பதில், சைபருக்கு ஒரு பதில். அதாவது இஃப், எல்ஸ். அங்கேதான் அவருடைய வண்டி படுத்துவிட்டது. இஃப்புக்கும் எல்ஸுக்கும் நடுவில் அந்த இரண்டாவது விசில் வந்து விழுந்தது. இந்த எல்ஸ் யாருடையது என்று கம்ப்யூட்டர் கேட்டது.

"இப்பவாவது ஒண்ணை எடுங்க சார்."

"முடியாது மேடம். முப்பது வருஷத்துல ஒத்தை விசில்ல வண்டி எடுத்ததில்ல."

இரண்டு நாள் சண்டை. மூன்றாம் நாள் அவராகவே இஃப்புக்குக் கீழே உள்ளதைச் சுற்றி ஓர் அடைப்பு, எல்ஸுக்குக் கீழே உள்ளதைச் சுற்றி ஓர் அடைப்பு போட்டார். எல்லாரையும் உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்தியாயிற்று என்றார். இரண்டு விசிலோடும் ஓடியது. எனக்குத் தோன்றாத வழி அது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று நானே அந்த விசிலை வாங்கி ஊதினேன்.

மத்தியானம் மெயிலில் அனுப்பி வைத்தோம். கால் மணி நேரத்தில் அவர் ஃபோன் அடித்தது. கண்டக்டர் முகம் வெளுத்துவிட்டது. "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லியே" என்றபடி ஸ்பீக்கரில் போட்டார். பஸ் இரைச்சலில் பழுதான காது, ஸ்பீக்கர் இல்லாமல் கேட்காது.

"அப்பா, இதை நீங்களா எழுதுனீங்க?"

"ஏம்மா, தப்பா இருக்கா?"

"சைபர் அடிச்சேன்ப்பா. ஏன் சாப்பிடலைன்னு கேட்டுது. பதில் டைப் பண்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அந்த எடத்துல ஸ்கேன்எஃப் போட மறந்துட்டீங்க."

"மறக்கலம்மா. அதை எங்கிட்ட சொல்லு."

அந்தப் பெண், "காலையிலேர்ந்தே ஒண்ணும் சரியில்லப்பா" என்று ஆரம்பித்தாள். நான் எழுந்து வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

முக்கால் மணி நேரம் பேசினார்கள். பொய் சொல்வானேன், படியில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் பெண்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.