அமுதம் அவர்களுக்கு, அன்புடன்

ஐம்பத்தாறு வயதுக்குள் உலகநாதன் தன் மனைவியிடம் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருந்தார். முட்டி வலியையும் சேர்த்தால் இரண்டு. அந்தப் பொய்யை அவள் பதினோரு உறைகளில் போட்டு, தபால்தலை ஒட்டி, ஊர் ஊராக அனுப்பி வைப்பாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மடுகரையில் சொந்த வீடு, வாசலில் இரண்டு மாடு, சென்னையில் வேலை பார்க்கும் மகள் சுவேதா. இவருக்குக் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பிறப்பு, இறப்புப் பதிவேடு எழுதும் வேலை. முப்பது வருடமாக வந்தவர் பெயரையும் போனவர் பெயரையும் எழுதி எழுதி, ஐம்பதைத் தாண்டியதும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நம் பெயரை யாராவது, எங்காவது, ஆசையாக எழுதியிருக்கிறார்களா? யோசித்துப் பார்த்தார். கரண்ட் பில்லில் இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் இருந்தது. அதிலும் அச்சகத்துக்காரர் ஒரு கால் கூடுதலாகப் போட்டு ‘உலகநாதான்’ ஆக்கியிருந்தார். அவ்வளவுதான்.

இந்த யோசனையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வில்லியனூரில் செல்லப்பனின் பழைய பேப்பர் கடை வழியாகப் போனவர், ஒரு புத்தகத்தைப் புரட்டினார். முதல் பக்கத்தில் நீல மையில் சாய்வான எழுத்து. ‘கலைச்செல்வி அமுதம் அவர்களுக்கு, அன்புடன்.’ கீழே ஒரு கவிஞரின் கையெழுத்து. தேதி, 1974.

“இது யாருபா அமுதம்?”

“நடிகை ரூபசித்ரா சார். சொந்தப் பேரு அமுதம். அவங்க மெட்ராஸ் வூட்ட வித்துட்டுப் பொண்ணோட வெளிநாடு போய்ட்டாங்களாம். பொஸ்தகம் பூரா மூட்டை மூட்டையா எடைக்கு வந்துச்சி. நாலு ஊருக்குப் பிரிஞ்சி போய்ட்டுது.”

உலகநாதன் கடையில் மிச்சமிருந்த இன்னும் இரண்டையும் புரட்டினார். ரூபசித்ரா! அவர் பள்ளிக்கூடம் போன நாளில் ஊரே சைக்கிள் எடுத்துக்கொண்டு படம் பார்க்கப் போன ரூபசித்ரா! ஊருக்கெல்லாம் ரூபசித்ரா. ஆனால், எழுத்தாளர்கள் மட்டும் ‘அமுதம்’ என்றே எழுதியிருந்தார்கள். தங்களுக்கு வீட்டுப் பெயரே தெரியும் என்று காட்டிக்கொள்ளத்தான். அவருக்குத்தான் எத்தனை பேர், எத்தனை ஆசையாக எழுதியிருக்கிறார்கள்! இதையெல்லாம் அந்த அம்மா படித்திருப்பாரா?

அன்று பிடித்தது முட்டி வலி. ஞாயிறு தவறாமல் எண்ணெய் வைத்தியத்துக்கு என்று கிளம்புவார். வில்லியனூரில் இல்லாவிட்டால் கடலூர், அங்கே இல்லாவிட்டால் திண்டிவனம். திரும்பி வரும்போது ஒரு புத்தகம் சட்டைக்குள் இருக்கும். தெருமுனையில் ஞாபகம் வந்து நொண்டுவார். மூன்று வருடத்தில் பதினோரு புத்தகம் சேர்ந்தது. பன்னிரண்டாவதுதான் கிடைக்கவில்லை. தமிழ்க்குமரன் என்ற எழுத்தாளரின் ‘கட்டைக்கரும்பு’ நாவல், இரண்டாம் பாகம். முதல் பாகத்தை அமுதத்துக்கு எழுதிக் கொடுத்தவர், இரண்டாவதையும் கொடுத்திருப்பார் அல்லவா? அது எங்கே? தூக்கத்தில்கூடத் தேடினார்.

இதில் ஒரே ஒரு சிக்கல். அவர் மனைவியின் பெயரும் அமுதம்.

மிக்ஸி ரிப்பேர் ஆன அன்று கேரண்டி கார்டு தேடி, பரணிலிருந்து மிக்ஸிப் பெட்டியை இறக்கினாள் அமுதம். பெட்டி மிக்ஸியைவிடக் கனத்தது.

“சுவேதாப்பா! இங்க வா.”

வந்தார். பெட்டி திறந்திருந்தது. அவர் வாயும்.

“இன்னாயா இது?”

“புத்தகம்.”

“அது தெரியுது. எவன்யா இவன், ‘அன்பிற்கினிய அமுதம் அவர்களுக்கு’ன்னு எழுதியிருக்கான்? இங்க ஒருத்தன் ‘என் எழுத்தின் தேவதை அமுதத்திற்கு’ங்கறான். மொத்தம் எத்தினி பேருயா?”

“பதினோரு பேரு” என்றார், உண்மை சொல்லும் பழக்கத்தில்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று முன்னோர் சொன்னது இந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் இருக்கவேண்டும். நடிகையைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னால் முட்டியைச் சொல்ல வேண்டும். மூளை தயங்கியது. வாய் முந்திக்கொண்டது.

“எல்லாம் உனக்குத்தான் அமுதம். நம்ம இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு. ஒவ்வொரு எழுத்தாளரையும் நேர்ல போய்ப் பாத்து, ஒம் பேரச் சொல்லி எழுதி வாங்கினேன்.”

“முட்டி வலியோடவா?”

“அதனாலதான் முட்டி வலியே.”

அமுதம் ஒரு புத்தகத்தில் தேதியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடியும் தேதியைப் பார்த்தாள்.

“மை மங்கிப் போயிருக்குதே?”

“பெரிய எழுத்தாளருங்க. பழைய பேனா.”

“சரி. எனக்குத்தானே? அப்ப நானே வச்சிக்கிறேன்.”

தப்பித்தோம் என்று மூச்சு விட்டார் உலகநாதன். விட்ட மூச்சைத் திரும்ப இழுக்கும்படி ஆனது மறுநாளே. அமுதம் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மதியம் மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு, வேப்பமர நிழலில் உட்கார்ந்து படிப்பாள். அடையாளத்துக்கு ஈர்க்குச்சி. பக்கங்களில் மஞ்சள் விரல் தடம். மேலோரம் வெட்டப்படாமல் ஒட்டியிருந்த இரண்டு தாள்களை ஒருநாள் அரிவாள்மனையில் வைத்து இழுத்தாள். சத்தம் கேட்டு உலகநாதன் ஓடிவந்தார்.

“ஏ புள்ள! அத ஏன் வெட்டினே?”

“வெட்டாம எப்பிடிப் படிக்கறது? உள்ள அவ இன்னா ஆனாளோன்னு எனக்குப் பதைக்குது.”

“வெட்டாம இருந்தாத்தான் அதுக்கு மதிப்பு.”

“யாருக்கு?”

அந்தக் கேள்வி அவரை ஒரு வாரம் படுத்தியது. அவர் எந்தப் புத்தகத்திலும் முதல் பக்கத்தைத் தாண்டியதில்லை. தாண்ட வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அது தப்பா? கொம்யூன் ஆபீசில் ஒரு பிறப்பை எழுதுகிறோம். அந்தப் பிள்ளை எப்படி வாழ்ந்தது என்று யார் போய்ப் பார்க்கிறார்கள்? இப்படித் தன்னையே சமாதானம் செய்துகொண்டார். சமாதானம் ஆகவில்லை.

இந்த நேரத்தில்தான் தபால்காரர் முத்துக்குமரன் ஆபீசுக்கு வந்து மேசைமேல் சாய்ந்தார்.

“இன்னா சார், வூட்டம்மா பெரிய ஆளாயிட்டாங்க போல. எழுத்தாளருங்களா லெட்டர் போடறாங்க!”

“எந்த எழுத்தாளரு?”

“தெரியாதா? அம்மா பதினோரு பேருக்கு லெட்டர் போட்டாங்களே, உங்க பொண்ணு போன்ல விலாசம் தேடிக் குடுத்துச்சாம். பாதி திரும்பி வந்துடுச்சி. பாவம், ஆளு இல்ல. இதோ, இன்னிக்கு ஒண்ணு வந்திருக்கு.”

கார்டு. உலகநாதன் அதை வாங்கிப் படித்தார்.

‘மதிப்பிற்குரிய அமுதம் அவர்களுக்கு. நாற்பத்தாறு வருடம் கழித்து உங்கள் நன்றிக் கடிதம் கிடைத்தது. நீங்கள் கேட்ட கட்டைக்கரும்பு இரண்டாம் பாகம் என்னிடம் இருக்கிறது. உங்களுக்கென்று அன்றே எழுதி வைத்த பிரதி. ஞாயிறு காலை நானே கொண்டுவருகிறேன். – தமிழ்க்குமரன், கடலூர்.’

உலகநாதன் உடனே புரிந்துகொண்டார். கிழவர், ரூபசித்ராவே கடிதம் போட்டதாக நம்பிவிட்டார். எண்பத்து மூன்று வயதில், நடிகையைப் பார்க்க மடுகரைக்கு வருகிறார். வந்து பார்த்தால் சாணிக் கூடையோடு இவள் நிற்பாள். குட்டு உடையும். ஊர் சிரிக்கும். அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பன்னிரண்டாவது புத்தகம் கடலூருக்கே திரும்பிப் போய்விடும்!

“நானே வூட்ல சேத்துடறேன்” என்று கார்டைப் பையில் போட்டுக்கொண்டார். சேர்க்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் குரலைக் குழைத்தார்.

“அமுதம், பண்டசோழநல்லூருல உங்கம்மாவப் பாத்து எத்தினி நாளாச்சி. நாளைக்குப் போய்ட்டு வாயேன். மாட்ட நான் பாத்துக்கறேன்.”

இருபத்தைந்து வருடத்தில் இந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. மாடே திரும்பிப் பார்த்தது.

“நெசமாவா? மாட்டப் பாத்துக்குவியா? முட்டி?”

“ரெண்டு நாளா பரவால்ல.”

“அப்ப சரி, போறேன்” என்றாள் அமுதம். சந்தேகப்படவில்லை, சண்டை போடவில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

ஞாயிறு காலை அவள் ஏழு மணி பஸ்ஸில் போனாள். உலகநாதன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். பத்து மணிக்கு வெள்ளைக் கார் வந்தது. பின்சீட்டு ஜன்னலில் கறுப்புக் கண்ணாடி. முன்சீட்டில் நரைத்த தலை, தடித்த கண்ணாடி, மடியில் துணிப்பை.

“அமுதம் அம்மா வீடு இதுதானே?”

“ஆமாங்கய்யா, வாங்க. ஆனா, அம்மா இல்லீங்களே. கொடைக்கானல் போயிருக்காங்க. நான் அவங்க செக்ரட்டரி. புத்தகத்த எங்கிட்ட குடுத்தீங்கன்னா பத்திரமா சேத்துடுவேன்.”

தமிழ்க்குமரன் மெதுவாகப் பின்னால் திரும்பினார்.

“அம்மா, உங்க செக்ரட்டரி நல்லாப் பேசறார்.”

பின்சீட்டுக் கண்ணாடி இறங்கியது.

“கொடைக்கானல்ல பயங்கரக் குளிருயா” என்றாள் அமுதம்.

உலகநாதனுக்கு இரண்டு முட்டியும் முதல்முறையாக உண்மையிலேயே வலித்தன.

கடிதத்தில் தன் செல் நம்பரையும் அவள் எழுதியிருந்தாள். கார்டு போட்ட மனிதர், போனிலும் பேசியிருந்தார். “நான் எங்கம்மா வூட்ல இருப்பேன் ஐயா, வர்ற வழிதான், ஏத்திக்கிட்டு வாங்க” என்று சனிக்கிழமையே அவள் சொல்லிவிட்டாள்.

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அமுதம் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

“ஏன்யா, நான் எந்த வருசம் பொறந்தேன்?”

பிறப்புப் பதிவு எழுத்தர் மோட்டுவளையைப் பார்த்தார். “எழுபத்தி...”

“எழுபத்தேழு. அந்தப் பொஸ்தகத்துல தேதி எழுபத்திநாலு. எங்கம்மாவுக்கு அப்ப கல்யாணமே ஆவல. அதுக்குள்ள எனக்குக் கலைச்செல்வின்னு பட்டம்!”

“தெரிஞ்சுமா லெட்டர் போட்டே?”

“எனக்குக் குடுத்தாங்கன்னு சொன்னது யாரு? நீதானே? வாங்கினா ஒரு நன்றி சொல்ல வேணாமா? நாலு பேரு இன்னா நெனப்பாங்க?”

உலகநாதன் எழுத்தாளர் பக்கம் திரும்பினார். “ஐயா, நீங்களாவது... நடிகைன்னு நெனச்சி வரலீங்களா?”

“முதல் வரி படிக்கும்போது நினைச்சேன். நெஞ்சே நின்னுபோச்சு. ரெண்டாவது வரியில தெளிஞ்சிடுச்சு.” சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் படித்தார். “‘நூற்று நாற்பதாம் பக்கத்தில் தேவி, கரும்பு வெட்டின மறுநாள் வயலில் வெறுங்காலோடு ஓடுகிறாள். ஓடினால் தூர் குத்திக் கால் கிழிந்துவிடும் ஐயா. நீங்கள் ஓடிப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.’ தம்பி, ரூபசித்ரா கரும்பை டம்ளர்லதான் பார்த்திருப்பாங்க.”

உலகநாதன் மூன்று வருடமாக வைத்திருந்த கேள்வியை அப்போது கேட்டார். “அவங்க படிச்சாங்களா ஐயா?”

கிழவர் சிரித்தார். “நானே ஒருமுறை கேட்டேன். ‘முதல் பக்கம் ரொம்ப நல்லா இருந்தது சார்’னாங்க. முதல் பக்கத்துல என் கையெழுத்துதான் இருந்தது.”

“எங்க வூட்லயும் அப்பிடி ஒரு வாசகர் இருக்காரு ஐயா” என்றாள் அமுதம்.

உலகநாதன் மோரைக் குடித்தார். குடித்த பிறகுதான் அது எழுத்தாளருக்கு வைத்த மோர் என்று தெரிந்தது.

தமிழ்க்குமரன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். அட்டையே கசங்காத கட்டைக்கரும்பு, இரண்டாம் பாகம். ‘அமுதத்திற்கு. தேவி என்ன ஆனாள் என்பதை முதலில் உங்களுக்குத்தான் சொல்கிறேன். 1979.’ உலகநாதனின் கை தானாக நீண்டது.

“கொண்டுபோய்க் கொடுக்கறதுக்குள்ள அவங்க கல்யாணம் முடிச்சு, கேட்டைச் சாத்திட்டாங்க. அப்பவே நான் விலாசத்தைத் தப்பாப் போட்டிருக்கேன் போல. பேரு சரியாத்தான் இருக்கு, ஒரு எழுத்து மாத்த வேண்டாம்” என்று அதை அமுதத்திடம் கொடுத்தார்.

நீண்ட கை பாதியில் நின்று, தலையைச் சொறிந்துவிட்டுத் திரும்பி வந்தது. அமுதம் கையெழுத்தைப் பார்க்கக்கூட இல்லை. நேராக மூன்றாம் பக்கத்துக்குப் போய்விட்டாள். “புருசன் வூட்டுக்கே போய்ட்டாளா, பாவி!” என்று அவள் முணுமுணுத்தபோது, உலகநாதனுக்கே ‘யார் அந்தத் தேவி, ஏன் போனாள்?’ என்று இருந்தது.

உலகநாதன் எழுத்தாளரைக் கார்வரை கொண்டுபோய் விட்டார். கிழவர் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன தோன்றியதோ, பைக்குள் துழாவித் தன் புதிய சிறுகதைத் தொகுப்பு ஒன்றை எடுத்தார். மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

உலகநாதன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். ஐம்பத்தாறு வருடத்தில் முதல்முறை. ஒரு பெரிய எழுத்தாளர், சொந்தக் கையால், ஆசையாக!

“எம் பேருங்கய்யா, உல...”

“தெரியும், தெரியும்” என்றார் தமிழ்க்குமரன், எழுதிக்கொண்டே. மை காயும்படி ஊதி, மூடிக் கொடுத்தார். கார் போனது.

உலகநாதன் கை கழுவினார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். வேப்பமர நிழலில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல முதல் பக்கத்தைப் பிரித்தார்.

‘திருமதி அமுதம் அவர்களின் வீட்டுக்காரருக்கு, அன்புடன்.’