மாடி அறையில் ஆறு கைகள்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். மளிகைச் சீட்டுக்கு மேல் நீளமாக எதையும் எழுதிப் பழக்கமில்லை. அப்படிப்பட்டவள் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுத வந்ததை முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் இந்தக் கதையைத் தன் ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். (இனி 'இவர்' என்றால் அவர்தான். பேர் சொல்லிப் பழக்கமில்லை.) சொல்லச் சொல்ல அதில் போலீஸ் வந்துவிட்டது. போன மாதம் ஒரு பாம்பும் வந்துவிட்டது. நடந்தது நடந்தபடி ஒரு தடவையாவது இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் இருக்கிறது. மாடியில் ஒரே அறை. ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். ஆங்கிலம் பேசச் சொன்னால் எனக்கு வியர்க்கும். (தமிழ் பேசச் சொன்னாலும் வியர்க்கும்.) அதனால் டேனியல் என்ற அமெரிக்கப் பெரியவர் சட்டையில் 'மௌனம்' என்று அட்டை குத்திக்கொண்டு வந்து நின்றபோது, எனக்கென்றே செய்து அனுப்பிய ஆள் என்று நினைத்தேன்.

அவர் வேலை என்னவென்று இப்போது தெரியும். அவர்கள் ஊரில் முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்து ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. அதில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன்தான் முக்கியம். கல்லூரியில் அப்படி ஆடும் பையன்களைப் பெரிய அணிகள் வருஷத்துக்கு ஒருமுறை வரிசையாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அதற்கு முன்னால், யார் தேறுவான் என்று பார்த்து எழுதிக் கொடுப்பவர் டேனியல். ஊரில் இருந்தால் ஆளாளுக்குக் காதில் ஓதுவார்களாம். யார் பேச்சும் கேட்காமல் முடிவெடுக்க இங்கே வந்திருந்தார். ஆக, ஐந்து பையன்களின் எதிர்காலம் என் மாடி அறையில் இருந்தது. அப்போது எனக்கு இது எதுவும் தெரியாது.

முதல் நாள் பெருக்கப் போனேன். சுவரில் ஐந்து கைகள். தாளின்மேல் கையை வைத்துச் சுற்றிலும் கோடு போட்டு எடுத்த உருவங்கள். ஒவ்வொன்றும் முறம் அகலம். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பையனின் போட்டோ. மேசையில் கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் ஓடியது. ஒரு பையன் பந்தை எறிந்தான், நாலு பேர் அவன்மேல் விழுந்தார்கள். டேனியல் ஒரு பொத்தானைத் தட்டினார். பையன் எழுந்து பின்பக்கமாக நடந்தான். மறுபடி எறிந்தான், மறுபடி விழுந்தான். நான் பெருக்கி முடிப்பதற்குள் பதினோரு தடவை விழுந்தான். துடைப்பத்தின் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் அந்த விரல்களில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. அதற்கு மறுநாள் இன்னும் ஜாஸ்தி. இரண்டாம் வாரத்தில் நாலாவது கை, விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை சிவந்துவிட்டது. போட்டோவில் அந்தப் பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, மேல வந்து அந்தச் சுவரைக் கொஞ்சம் பாருங்களேன்."

"சுவத்துல இன்னா?"

"கை கையா ஒட்டி ரத்தம் மாதிரி புள்ளி வைக்கிறாருங்க."

"பத்து நாளா வாயே தொறக்காத மனுஷன். உனக்கு ஜோடியா ஒருத்தர் வந்தாரேன்னு சந்தோஷப்படுவியா."

அன்றைக்கு இவர்தான் தண்ணீர் கேனை மாடிக்குத் தூக்கிப் போனார். படியில் கேன் நழுவி உருண்டது. டேனியல் வெளியே வந்து இவர் கையைப் பிடித்து விரித்து, கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஸ்கேல் வைத்து அளந்தார். வருத்தமாகத் தலையை ஆட்டினார். பிறகு ஒரு தாளில் வைத்துக் கோடு போட்டுக்கொண்டார். "பாசமான ஆளுடி" என்று இவர் பெருமையாகக் கீழே வந்தார்.

சாயந்திரம் இவருக்குக் காய்ச்சல். நான் மாடிக்கு ஓடினேன். சுவரில் ஆறாவதாக இவர் கை. சின்னக் கை. சுண்டுவிரலில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி.

அடுத்த நாள் உச்சிவேளையில் டேனியல் ஆசிரமத்துக்குப் போயிருந்தார். இவர் கையை மட்டும் எடுத்து வரத்தான் போனேன். படியில் யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டது. (எட்டிப் பார்த்தால் யாரும் இல்லை.) பதற்றத்தில் ஆறையும் உரித்து முந்தானையில் சுருட்டிக்கொண்டேன். கல்லுப்பும் மிளகாயும் எடுத்து இவர் தலையை மூன்று சுற்றுச் சுற்றி, மூன்று தெரு கூடும் இடத்தில் தாள்களோடு போட்டுக் கற்பூரம் ஏற்றினேன்.

மிளகாய் நெடி வரவில்லை. திருஷ்டி இருந்தால் நெடி வராது என்பார்கள். ஒன்பது மிளகாய் கருகியும் ஒரு தும்மல் இல்லை. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. நெருப்பில் அந்தக் கைகள் ஒவ்வொன்றாக விரல்களை மடக்கின.

திரும்பினேன். பின்னால் டேனியல் நின்றிருந்தார்.

"நோ" என்றார். அவ்வளவு பெரிய உடம்புக்குள்ளிருந்து குழந்தைக் குரல் வந்தது. இரண்டு வாரம் மௌனமாக இருந்தவரைப் பேச வைத்துவிட்டேன். 

கல்லூரியிலிருந்து வந்த என் மகள் நிவேதா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டுக்கேட்டு எனக்குச் சொன்னாள்.

"ம்மா, கை பெருசா இருந்தா பந்து நழுவாதாம், அதுக்குத்தான் அளவு. பந்தைத் தப்பா போட்டா ஒரு புள்ளி. கபடி டீமுக்கு ஆள் எடுக்கறாங்கல்ல, அது மாதிரி."

"உங்கப்பாவுக்கு எதுக்குடி புள்ளி?"

"கேனை உட்டாருல்ல."

போர்வைக்குள்ளிருந்து இவர் குரல் வந்தது. "ஒண்ணுதானே? அந்தப் பசங்களைவிட எனக்குக் கம்மிதான்."

டேனியல் தன் கருத்தையெல்லாம் அந்தத் தாள்களின் பின்பக்கம்தான் எழுதியிருந்தார். வேறு நகல் இல்லை. மறுநாள் காலை அனுப்பியாக வேண்டும். போட்டோக்களையும் கம்ப்யூட்டரையும் கீழே எடுத்து வந்து, எங்கள் கூடத்தில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுத ஆரம்பித்தார். நான் டீ போட்டுக்கொண்டே இருந்தேன். நாலு பையன்களைப் பற்றி மளமளவென்று வந்தது. இரண்டாவது பையனிடம் மட்டும் பேனா நின்றது. போட்டோவைப் பார்த்தார். கம்ப்யூட்டரை ஓடவிட்டார். பையன் எறிந்தான், விழுந்தான், எழுந்தான். டேனியல் மெதுவாக ஏதோ சொன்னார்.

"இன்னா சொல்றாரு?"

"ரெண்டு வாரமா பாத்த பையனாம். இப்பதான் முதல் தடவை பாக்கற மாதிரி இருக்குதாம். அவன் கையில புள்ளி இருந்ததான்னு உன்னைக் கேக்கறாரும்மா."

தினமும் அந்தச் சுவருக்கு எதிரே நின்று பெருக்கியவள் நான். கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். மற்ற ஐந்து கைகளும் புள்ளி புள்ளியாக நின்றன. அந்த இடத்தில் மட்டும் வெறும் சுவர் தெரிந்தது.

"தெரியலைன்னு சொல்லுடி" என்றேன்.

இன்றைக்கும் வீட்டில் யார் கையிலிருந்து டம்ளர் நழுவினாலும் "ஒரு புள்ளி" என்கிறாள் நிவேதா. புதிதாகக் குடிவருகிறவர்களிடம் இவர், "தாளெல்லாம் பூட்டி வைங்க, வீட்டம்மா கொளுத்திடுவாங்க" என்கிறார். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்த இரண்டாவது பையனின் பேரை மட்டும் நிவேதாவிடம் இதுவரை கேட்கவில்லை.

கைகளைக் கொளுத்திய மறுநாள் காலை பத்து மணிக்கு, அந்தப் பையன் பேர் இல்லாமல், நாலு பேர்களோடு பட்டியல் போனது. இவருக்குக் காய்ச்சல் விட்டிருந்தது.