பிரையாரிட்டி வருது, ஓரம் போ!

எங்கள் கம்பெனியில் எது தலைபோகிற வேலை, எது தள்ளிப்போட்ட வேலை என்பது முதலாளிக்கே ஷிஃப்டிங் அண்ணன் சொல்லித்தான் தெரியும். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு வாரம் வேலை பார்த்துவிட்டு வந்து பேசவும்!

அண்ணன் அதே ஊரில் மர்பி டவுன் ஏரியாக்காரர். மேசை நாற்காலிகளை இடம் மாற்றுவது அவர் வேலை. எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம். எந்த புராஜெக்ட் அவசரமோ அந்த டீமுக்குக் கண்ணாடிச் சுவர் ஓரம் இடம். அவசரம் தீர்ந்ததும் பாத்ரூம் ஓரம். இந்த அவசரம் வாரத்துக்கு மூன்று முறை மாறும். எங்களுக்கு மெயில் வருவதற்குள் அண்ணன் தள்ளுவண்டியோடு வந்துவிடுவார்.

"ஓரம் போ, ஓரம் போ! பிரையாரிட்டி வருது! சீக்கிரம், பேகா, பேகா!"

காபியோடு நிற்பவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். ஆறு மேசைகளைப் பத்தே நிமிடத்தில் கழற்றி மாட்டுவார். அதில் அவருக்கு அப்படியொரு கர்வம். ஒருமுறை ஒரு மேனேஜர் போனில் பேசிக்கொண்டே நாற்காலியை விட்டு எழ மறுத்தார். அண்ணன் கெஞ்சவில்லை, நாற்காலியோடு அவரை உருட்டிக்கொண்டு போனார். "எங்க டீம் ரொம்ப ஸ்டெடியா இருக்கு சார்" என்று சொல்லி முடித்தபோது மேனேஜர் பாத்ரூம் வாசலில் இருந்தார்.

டீம் லீடர்கள் காலையில் வந்ததும் அவரைத்தான் பிடிப்பார்கள்.

"அண்ணா, இன்னிக்கு நாங்க எப்படி?"

"இன்னிக்கு பொழச்சீங்க. நாளைக்கு இன்னாவோ! எதுக்கும் பூந்தொட்டியெல்லாம் எடுத்து வச்சிக்கோங்க."

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள்தான் நானும், ஒரு வெள்ளிக்கிழமை வரைக்கும்.

நான் அப்போது கான்ட்ராக்ட். மாதக் கடைசியோடு முடிகிறது. அந்த வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு கஸ்டமர் நேரில் வந்து, என் வேலையைப் பார்த்துத் தலையாட்டினால் பெர்மனன்ட். இல்லையென்றால் திருப்பத்தூர் பஸ். ஊரில் பெர்மனன்ட் ஆகிவிட்டதாக ஏற்கெனவே சொல்லியாயிற்று.

குடோன் பெட்டிகளின் லேபிளைப் படிக்கிற மெஷின்தான் என் வேலை. என் மேசையில் இருபது ஒயர்களோடு பொருத்தியிருந்தேன். கழற்றினால் மறுபடி மாட்ட ஒரு நாள் ஆகும். பதினொரு மணிக்கு எங்கள் லீடர் வந்தார்.

"பிரையாரிட்டி மாறிடுச்சு. பன்னண்டுக்குள்ள இடத்தக் காலி பண்ணணும். கஸ்டமருக்கு லேப்டாப்ல படம் போட்டுக் காட்டிடு."

அவர் முடிப்பதற்குள் தள்ளுவண்டிச் சத்தம்.

"அண்ணா, என் வேலையே போயிடும். ரெண்டரை வரைக்கும் விடுங்கண்ணா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அண்ணன் என் மேசையை விட்டுவிட்டு, கடைசி மேசைக்கடியில் போய்ப் படுத்தார். ஒரு நட்டைக் கழற்றினார். அதையே மறுபடி மாட்டினார். ஸ்பானர் தேடப் போனார். தப்பான ஸ்பானரோடு வந்தார். வேறு ஸ்பானர் தேடப் போனார். டீ குடிக்கப் போனார். மணி ஒன்று. ஒரு மேசையின் ஒரு கால்தான் கழன்றிருந்தது!

அட்மின் மேனேஜர் ஓடி வந்தார். ஆபீஸே வேடிக்கை பார்த்தது.

"என்னய்யா, பத்து நிமிஷ வேலைக்கு ரெண்டு மணி நேரமா?"

"முட்டி வலிக்குது சார்."

"வயசாயிடுச்சுன்னு சொல்லு. இனிமே உனக்கு இந்த வேலை சரிப்படாது."

அண்ணனின் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் மேசைக்கடியிலேயே கிடந்தார்.

இரண்டு மணிக்கு கஸ்டமர் வந்தார். கசங்கிய லேபிளைக்கூட மெஷின் பட்டென்று படித்தது! நம்பாமல் தன் பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டினார்; அதையும் படித்தது! எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. கஸ்டமர் லிஃப்டுக்குள் போனதுதான் தாமதம், அண்ணன் எழுந்தார். ஆறு மேசைகளும் எட்டே நிமிடத்தில் பாத்ரூம் ஓரம் போய்ச் சேர்ந்தன.

திங்கட்கிழமை மறுபடி பிரையாரிட்டி மாறியது. அவரை விட்டால் ஆளில்லை என்பதால் அட்மின் மேனேஜரும் அடங்கிப்போனார்.

அடுத்த வாரம் பெர்மனன்ட் கடிதம் வந்தது. எடுத்துக்கொண்டு அண்ணனைத் தேடி ஓடினேன். தள்ளுவண்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"எனக்காகத்தானேண்ணா அன்னிக்கு எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கினீங்க?"

"சும்மா இரும்மா, நெஜமாவே முட்டி வலி. காயிதத்துல இன்னா போட்டுக்கீது, படி."

ஒரு பக்க இங்கிலீஷ். ஒரு வரி விடாமல் படித்தேன். அண்ணன் எழுந்து நின்று கேட்டார்.

"இன்னொரு வாட்டி படிம்மா" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் அண்ணனுக்கு முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன்.