ஹலீமின் காரில் ஒரு குறை

“ஒரு குறை சரி சொல்லுங்க சேர். சின்னக் குறை எண்டாலும் போதும்.”

பரமநாதன் காருக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுத்தார். மோட்டார் வாகனப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சேவைக்காலம் முழுவதும் வாகனக்காரர்கள் அவரிடம் கெஞ்சியதெல்லாம் குறையைக் கண்டும் காணாமல் விடச் சொல்லித்தான். குறை வேண்டுமென்று ஒருவர் கெஞ்சுவதை இன்றுதான் கேட்கிறார்.

“இல்லாத குறையை நான் எங்கை தேட, ஹலீம்?”

“நல்லாப் பாருங்க சேர். ஈக்கும்.”

கட்டுகஸ்தோட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஹலீம், காரின் நிலையையும் பெறுமதியையும் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றுதான் அவரைக் கண்டி மஹய்யாவையில் உள்ள வீட்டிலிருந்து கூட்டி வந்திருந்தார். கன்வஸ் கூரையை மடக்கித் திறக்கும் பழைய மொரிஸ் மைனர். புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கொட்டிலில் துருவேறிக் கிடந்ததை லொறியில் ஏற்றி வந்து, வருடக்கணக்காக அதனோடு மல்லுக்கட்டி மீட்டெடுத்திருந்தார் ஹலீம். இப்போது அது இளம்பச்சை நிறத்தில், நேற்றுத்தான் கப்பலிலிருந்து இறங்கியதுபோல முற்றத்தில் நின்றது.

பரமநாதன் சிறிய காந்தம் ஒன்றை எடுத்துக் கதவு, மட்கார்ட், பொனட் என்று ஒவ்வோரிடமாக வைத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் டக்கென்று ஒட்டியது.

“பாத்தீரோ? எல்லாம் நல்ல தகரம். ஓட்டையை அடைச்சுப் பசை பூசி மறைக்கேல்லை. பெயின்ட் கண்ணாடி மாதிரி இருக்கு.”

ஹலீமின் முகம் சுருங்கிவிட்டது. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கதவில் நீளமாக ஒரு கோடு கிழித்தார்.

“ஐயோ! என்ன காணும் செய்யிறீர்?”

“இப்ப ஒரு குறை ஈக்கிதானே?”

வெயில் தலைக்கு ஏறியிருக்கும் என்று பரமநாதன் நினைத்தார். பேச்சை மாற்றுவதற்காகச் சாவியை வாங்கி எஞ்ஜினை ஸ்டார்ட் செய்தார். அது பூனைபோல மெல்ல உறுமியது.

“ஆகா! தையல் மெஷின் தோத்துப்போம்.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை. ஹலீம் பொனட்டைத் திறந்து ஏதோ ஒரு வயரை இழுத்தார். எஞ்ஜின் இருமி இருமி நின்றுபோனது.

தேத்தண்ணீரோடு வந்த ஹலீமின் மனைவி றலியா ஆவலோடு கேட்டாள். “எப்பிடி சேர்? மிச்சம் மோசமா?”

“என்ன தங்கச்சி நீர்? கண்டியிலேயே இப்பிடியொரு கார் இராது.”

“யா அல்லாஹ்!” தட்டை வைத்துவிட்டு உள்ளே ஓடிய றலியா, இரண்டு கைகளிலும் கோழிகளோடு திரும்பி வந்தாள். அவற்றைப் பின் சீற்றில் விட்டுக் கதவைச் சாத்தினாள். “இனிச் சொல்லுங்க சேர்.”

பரமநாதனுக்குத் தலை சுற்றியது. புருஷன் பெண்சாதிக்குள் ஏதும் சண்டையோ? அப்படியென்றால் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நிற்பானேன்?

“ஹலீம், உண்மையைச் சொல்லும். காரை விக்கப் போறீரோ?”

“இல்ல சேர்.”

“பிறகேன் பெறுமதி?”

“பெறுமதி இல்லை எண்டு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும் சேர்.”

பிறகு ஹலீம் எல்லாவற்றையும் சொன்னார். போன கிழமை கூரையைத் திறந்துவிட்டு, றலியாவையும் ஏற்றிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்திருக்கிறார். பின்னால் வந்த இராணுவ ஜீப் மறித்தது. பெரிய அதிகாரி ஒருவர் இறங்கி, காரைச் சுற்றிச் சுற்றி வந்து, வீடு எங்கே என்று கேட்டு, சனிக்கிழமை பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

“பாக்கத்தானே வாறார்?”

“யுத்த காலம் சேர். அவங்க வந்து பார்த்தா, அதுக்குப் பொறகு நாங்க பார்க்கக் கெடைக்காது. வேணாம் எண்டு சொல்ல எங்களுக்கு வாய் ஈக்கா? நீங்க இங்கிலிஷ் தெரிஞ்ச மனிசன். ஒதவாத கார் எண்டு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

“இண்டைக்கு என்ன கிழமை?”

“சனி.”

பரமநாதன் காந்தத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்று இருந்ததால், சோதனைச் சாவடிகளில் உண்மையைச் சொல்வதே அவருக்குப் பெரும்பாடு. இதில் பொய் வேறா?

“நான் வாறன் ஹலீம். மனிசி தேடும்” என்று அவர் எழும்பவும், ஜீப் கேற்றடியில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

அதிகாரி நரைத்த மீசைக்காரர். முகத்தில் சிரிப்பில்லை. சிப்பாய்கள் கேற்றடியில் நிற்க, அவர் தனியே உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றிப் பொனட்டின்மேல் வைத்தார். கதவைத் திறந்ததும் ஒரு கோழி அவர் தோளை உரசிக்கொண்டு பறந்தது. கீறலை விரலால் மெல்லத் தடவினார்.

“இதைத் திருத்தியது யார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஹலீம் குற்றவாளிபோலக் கையை உயர்த்தினார். பரமநாதன் குறுக்கே பாய்ந்தார்.

“அதுதான் சேர் பிழை! அடிச்சட்டம் வெடித்துவிட்டது. பிரேக் பிடிக்காது. பிடித்தால் விடாது. கூரை மழைக்குத் திறந்து வெயிலுக்கு மூடும்.”

“நீங்கள் யார்?”

“ஓய்வுபெற்ற பரிசோதகர்.”

“எந்த ஊர்?”

“யாழ்ப்... மஹய்யாவை, சேர். இரண்டும்.”

அதிகாரி தானே ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். கார் இருமியது, குலுங்கியது, பின்னால் புகையோடு ‘டமார்’ என்று வெடித்தது. கேற்றடியில் சிப்பாய்கள் குப்புற விழுந்து துப்பாக்கியை நீட்டினார்கள். பரமநாதன் இரண்டு கைகளையும் தூக்கியபடி கோழிக்கூட்டுக்குப் பின்னால் குந்திவிட்டார்.

அதிகாரி கையசைத்துச் சிப்பாய்களை எழுப்பினார். காரிலிருந்து இறங்கி, ஹலீமின் அருகில் வந்து கேட்டார். “இந்தக் காரில் உனக்கு ஆசையே இல்லையா?”

பரமநாதன் கைகளைத் தூக்கியபடியே மொழிபெயர்த்தார். ஹலீம் காரைப் பார்க்காமல் சொன்னார்.

“இல்ல சேர். சனியன் இது.”

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு ஜீப்பில் போய் ஏறினார்.

“அல்ஹம்துலில்லாஹ்!” றலியா கோழியைத் தூக்கி முத்தமிட்டாள். ஹலீம் உடுத்திருந்த சாரன் நுனியால் கீறலைத் துடைத்துத் துடைத்து அழுதார். பரமநாதன் ஆறிப்போன தேத்தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாழ்க்கையில் தான் சொன்ன முதல் பொய்யறிக்கை இவ்வளவு வடிவாக அமைந்ததை எண்ணித் தானே வியந்துகொண்டிருந்தார்.

அப்போது ஜீப் சாரதி ஓடி வந்தார். கம்பளையைச் சேர்ந்த மலாய்க்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். பொனட்டில் மறந்துபோயிருந்த தொப்பியை எடுத்துக்கொண்டு, காரையும் ஹலீமையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன நாநா இப்பிடிச் செஞ்சிட்டீங்க? எங்கட சேர் அடுத்த கிழமை வடக்குக்கு மாறிப் போறார். அவர்ட தகப்பன் ஓட்டின இதே மாதிரிக் கார் ஒண்டு வீட்டில நிக்கிது, காரைப் பிள்ளை மாதிரிப் பார்க்கிற ஆளுக்குச் சும்மாவே குடுத்திட்டுப் போகணும் எண்டுதானே ஒங்களைத் தேடி வந்தார்!”