இரட்டை டேர்போவும் இந்திராணி மச்சாளும்

எனக்குத் தெரியாத விஷயங்களில் நான் யாருக்கும் ஆபத்தில்லாதவள். முழுதாகத் தெரிந்த விஷயங்களிலும் அப்படித்தான் (அவை இரண்டு மூன்றுதான் தேறும்). பாதி தெரிந்த விஷயங்களில்தான் எனக்குப் பக்கத்தில் ஆட்கள் நிற்கக்கூடாது.

நான் அக்கராயனில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். என் கணவர் யோகன் வயல் செய்கிறார். சில வருடங்களுக்கு முன்பு நாங்கள், வேறு ஆள் பாவித்த வான் ஒன்று வாங்க முடிவெடுத்தோம். ‘எடுத்தோம்’ என்பது மரியாதைக்குச் சொல்வது. பழசாக இருந்தாலும் பரவாயில்லை, சிக்கலில்லாத டீசல் வான் ஒன்று போதும் என்று அவர் ஒரு தடவை சொன்னார். நான் மூன்று வாரம் இருந்து ஃபோனில் வீடியோ பார்த்தேன்.

டேர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் ஒரு சின்னக் காற்றாடி. வழக்கமாக ஒரு வானில் ஒன்றுதான் இருக்கும். நான் கண்டுபிடித்த வானில் இரண்டு இருந்தன. மெதுவாக ஓடும்போது சின்னது வேலை செய்யும், வேகமெடுத்தால் பெரியது. வீடியோவில் வந்த ஆள் இதைச் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது.

“மனிசருக்கு ஏன் இரண்டு சிறுநீரகம் இருக்கு, சொல்லுங்கோ பாப்பம்?” என்று யோகனிடம் கேட்டேன்.

“தெரியேல்லை.”

“ஒண்டு பழுதானால் மற்றது வேலை செய்யும். அதே மாதிரித்தான் இதுவும்.”

அவர், “ஆர் சொன்னது?” என்றார்.

யாரும் சொல்லவில்லை. நானாக எடுத்த முடிவு அது.

வாங்குவதற்கு முன்பு வானை மல்லாவியில் தங்கராசா அண்ணையின் கராஜுக்குக் கொண்டுபோனோம். டிராக்டரிலிருந்து தண்ணீர்ப் பம்ப் வரை திருத்துகிற மனிதர். அவர் முன்மூடியைத் திறந்தார், டேர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் பைப்பைக் கழற்றினார், அதற்குள் விரலை விட்டு எடுத்து என்னிடம் காட்டினார். விரல் கறுப்பாக மினுங்கியது.

“இந்தப் பைப்புக்குள்ளை ஒயில் இருக்கக்கூடாது, டீச்சர்.”

“டேர்போவுக்கு ஒயில் வேணும்தானே, அண்ணை?”

“ஓம், அதுக்குள்ளை வேணும். இதுக்குள்ளை இல்லை. முந்திப் பாவிச்ச ஆள் ஒயில் மாத்தினவரோ தெரியாது. மாத்தாட்டில் முதல் சாகிறது டேர்போதான். இதிலை இரண்டு கிடக்கு.”

திரும்பி வரும்போது நான் யோகனுக்கு விளக்கம் கொடுத்தேன்: “பாத்தீங்களே, பைப் வரைக்கும் ஒயில் விட்டு நல்லாப் பாவிச்சிருக்கினம்.”

வானை வாங்கினோம். பின்கதவில் ஆங்கிலத்தில் ‘இரட்டை டேர்போ’ என்று வெள்ளி எழுத்துகள் இருந்தன. அவற்றை வாரத்தில் இரண்டு தரம் துடைத்தேன்.

இனி இந்திராணி மச்சாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். யோகனின் மூத்த அக்கா. புருஷன் வெளிநாட்டில் இருந்த காலம் முழுவதும் அக்கராயனில் ஐந்து ஏக்கர் வயலைத் தனியாகச் செய்தவர். பிறகு நெளுக்குளத்தில் காணி வாங்கி வீடு கட்டத் தொடங்கினார். வீட்டின் வரைபடத்தை எங்களுக்கு ஆசையாகக் காட்டிய அன்றைக்கு, நான் அதைப் பார்த்து, அடுப்பு வைக்கும் குசினி இருக்கிற இடத்துக்குக் காற்று வீசும் திசைப்படி புகை முழுவதும் வீட்டுக்குள்தான் வரும் என்று சொன்னேன். பத்துப் பேருக்கு முன்னால் சொன்னேன். படமும் கீறிக் காட்டினேன்.

அவர் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு இரண்டு வருடம் என்னோடு ஒரு கதையும் இல்லை. யோகன் தமக்கையைப் பார்க்கத் தனியாகப் போய்வருவார். வரும்போது முகம் வாடியிருக்கும். அதற்குக் காரணம் நான்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் காற்றின் திசையில் நான் பிழைவிடவில்லை என்றுதான் இருந்தேன்.

அப்படியிருக்க, வீடு கட்டி முடிந்து, குடிபூரலுக்கு அழைப்பு வந்தது. அட்டையில் என் பெயரும் இருந்தது. யோகன் அந்த அட்டையை அலுமாரிக்குள் வைக்காமல் மேசையிலேயே வைத்திருந்தார். புறப்படும் காலையில் அவர் வாழ்க்கையில் இல்லாத அளவுக்குப் பேசினார்:

“அங்கை போய் ஒண்டும் விளங்கப்படுத்தாதேயும். வீட்டைப் பாத்து வடிவாயிருக்கு எண்டு மட்டும் சொல்லும்.”

சம்மதித்தேன். வானை நானே ஓட்டினேன். முறிகண்டிக் கோவிலடியில் எல்லா வாகனமும் நின்று தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தன. நிற்பாட்டச் சொன்னார். ஓடிவந்த சூட்டோடு எஞ்சினைச் சட்டென்று நிற்பாட்டினால் டேர்போவுக்குக் கூடாது என்று சொல்லி, நிற்காமல் போனேன். அவர் வானுக்குள் இருந்தபடியே கும்பிட்டார்.

நெளுக்குளம் வரை வான் பஞ்சு மாதிரி ஓடியது. வீடு உண்மையிலேயே வடிவாக இருந்தது. முன்சுவர் முழுவதும் பால் வெள்ளை. வாசலில் வாழை கட்டி, ஆட்கள் வெளியே கதிரைகளில் இருந்தார்கள். நான் வானைத் திருப்பி, பின்பக்கமாக வாசலை நோக்கிக் கொண்டுபோய் நிறுத்தினேன். (திரும்பிப் போக லேசு என்று சொன்னேன். வெள்ளி எழுத்துகள் சனத்துக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் உண்மை.)

எஞ்சினை நிற்பாட்டவில்லை. இறங்கி நின்றேன். “ஏன் பிள்ளை ஓடவிட்டிருக்கிறீர்?” என்று ஒரு பெரியவர் கேட்டார். கேட்டிருக்கக்கூடாது. டேர்போ சூடாறுவதற்கு இரண்டு நிமிடம் மெதுவாக ஓட வேண்டும் என்று தொடங்கினேன். யோகன் என் முழங்கையைத் தொட்டார். நான் சிறுநீரகத்துக்கு வந்திருந்தேன்.

அப்போது எஞ்சின் தானாக வேகமெடுத்தது. வானுக்குள் ஒருவரும் இல்லை. சத்தம் உறுமலாகி, உறுமல் கூவலாகியது. நான் ஓடிப்போய்ச் சாவித்துவாரத்தில் இருந்த திறப்பைத் திருப்பினேன். நிற்கவில்லை. திறப்பை வெளியே இழுத்து எடுத்தேன். திறப்பு என் கையில் இருந்தது, எஞ்சின் இன்னும் கூடச் சத்தம் போட்டது. கியர் ஓட்டோமற்றிக், அதைப் போட்டு எஞ்சினை அமுக்கவும் வழியில்லை.

விஷயம் இதுதான்: டேர்போவின் உள்ளே தேய்ந்துபோன இடத்தால் ஒயில் கசிந்து எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருந்தது. டீசலை மறித்தாலும் எஞ்சின் தன் ஒயிலையே குடித்து ஓடும். குடித்த ஒயிலெல்லாம் பின்பக்கத்தால் வெள்ளையும் நீலமுமாகப் புகையாக வந்தது. பின்பக்கம் புது வீட்டைப் பார்த்தபடி இருந்தது.

கதிரைகள் காலியாகின. யுத்தத்துக்குள் இருந்து வந்த எங்கள் பக்கத்துச் சனத்துக்கு இப்படிச் சத்தம் கேட்டால் மூளைக்கு முன்னால் கால் முடிவெடுத்துவிடும். ஒருவரும் கத்தவில்லை, எல்லாரும் ஒழுங்காகக் கிணற்றடிப் பக்கம் போனார்கள். உள்ளே ஐயர் மந்திரத்தை நிற்பாட்டி இருமத் தொடங்கினார்.

எரிவதற்குக் காற்று வேண்டும், காற்றை மறித்தால் எரியாது என்று பதினொரு வருடமாக வகுப்பில் படிப்பித்தவள் நான். அந்த நேரம் அது என் நினைவுக்கு வரவில்லை. திறப்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வானைச் சுற்றி ஓடினேன்.

புகைக்குள்ளிருந்து இந்திராணி மச்சாள் வந்தார். கூறைச்சேலை. கையில், பூசைக்கு அவர் இருந்த மணைப்பலகை.

“அம்மா, அது மங்கலப் பலகை,” என்றது உள்ளேயிருந்து ஐயரின் குரல்.

மச்சாள் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை இது: “காத்து எங்காலை போகுது?”

நான் வாயைத் திறந்தேன்.

“விளங்கப்படுத்த வேண்டாம். கையாலை காட்டும்.”

காட்டினேன். யோகன் முன்மூடியைத் தூக்கி, வெளிக்காற்று உள்ளே வரும் பைப்பை இரண்டு கையாலும் பிடுங்கினார். மச்சாள் பலகையை அதன் வாயில் வைத்து அமுக்கினார். எஞ்சின் பலகையை உறிஞ்சிப் பிடித்து உதறியது. அவரால் தனியாகப் பிடிக்க முடியவில்லை, நானும் போய் என் பாரம் முழுவதையும் பலகைமேல் போட்டேன். தோளோடு தோள் முட்டி நின்றோம். வான் இரண்டு முறை குலுங்கி அடங்கியது.

அவ்வளவு அமைதியை நான் நெளுக்குளத்தில் அதற்கு முன்பும் பின்பும் கேட்டதில்லை.

“வயல் பம்பும் உப்பிடித்தான்,” என்றார் மச்சாள். “ஒருக்கால் பிடிச்சுதெண்டால் நிக்காது. சாக்கைப் போட்டு மறிச்சனான்.”

புகை மெல்ல விலகியது. பால் வெள்ளைச் சுவரில் இடுப்பளவுக்குச் சாம்பல் நிறம். கூறைச்சேலையில் கறுப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. “மச்சாள், என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அண்டைக்குச் சொன்னதுக்கும் சேத்து,” என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“புகை வீட்டுக்குள்ளை வருமெண்டு சொன்னனீர். வந்திட்டுது,” என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். யோகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பைப்பைத் துடைத்தார். அதில் துடைப்பதற்கு ஒன்றும் இல்லை என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

மச்சாள் முகம் கழுவி வந்து பாலைப் பொங்கவிட்டார். புகை மணத்தது, ஆனாலும் எல்லாரும் குடித்தார்கள்.

வானைக் கட்டி இழுத்துக்கொண்டு மல்லாவிக்குப் போனோம். தங்கராசா அண்ணை பார்த்துவிட்டு, “ஒண்டு உடைஞ்சு மற்றதுக்குள்ளை போயிருக்கு, டீச்சர். இரண்டும் சரி,” என்றார். அந்த ‘சரி’க்கு எங்கள் ஊரில் ‘முடிந்தது’ என்று பொருள்.

இப்போது எங்களிடம் இருக்கும் வானை யோகன்தான் தெரிவுசெய்தார். டேர்போ இல்லை, எழுத்தும் இல்லை. நெளுக்குளத்துக்கு மாதம் ஒரு முறையாவது போகிறோம். சுவருக்கு மூன்று தரம் பெயின்ற் அடித்தும் வெயில் சாய்கிற நேரத்தில் சாம்பல் தெரியும். வருகிறவர்களுக்கு மச்சாள் அதைக் காட்டாமல் விடமாட்டார்.

அதைவிடப் பெரிய தண்டனை வேறு. எங்கள் குடும்பத்தில் யாராவது நீளமாக விளக்கம் சொல்லத் தொடங்கினால், “ஆராவது பலகையை எடுத்துவாங்கோ” என்று ஒரு குரல் வரும். நான்கு வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும்.

போன மாதம் நெளுக்குளத்து வீட்டில் மச்சாளின் மகள், சூரிய ஒளியில் ஓடுகிற பம்ப் வாங்கலாமா என்று என்னிடம் கேட்டாள். பாவம், நம்பிக் கேட்டாள். நான் நிமிர்ந்து இருந்து, “இதிலை இரண்டு வகை இருக்கு,” என்று தொடங்கினேன்.

யோகன் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து, அந்த மணைப்பலகையை என் மடியில் வைத்துவிட்டு, தன் தேத்தண்ணியைக் குடித்தார்.