நோர்மன் அண்ணையின் பெயர்ப்பலன்

ரொறன்ரோவில் வெள்ளைக்காரனுக்கு அவனுடைய பூட்டன் யாரென்று சொல்லிக்கொடுத்த ஒரே தமிழன் எங்கள் நோர்மன் அண்ணைதான். உணவகமொன்றில் கோப்பை கழுவுவார். மிச்ச நேரமெல்லாம் லைப்ரரியில் எடுத்த ஒரு தடிப் புத்தகம். தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன் பிரான்ஸ் பக்கமிருந்து கப்பலேறி வந்து இங்கிலாந்தைப் பிடித்தார்களே நோர்மன்காரர், அவர்களுடைய குடும்பப் பெயர்களும் கருத்துகளும் அதில் இருந்தன. 'நோர்மன் அண்ணை' என்பதே அதனால் நாங்கள் வைத்த பட்டப்பெயர்தான்.

"அவங்களும் எங்களைப்போலக் கடல் தாண்டி வந்த ஆக்கள்தானடா. விசா ஆர் கேட்டது?" என்பார்.

படித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே! பஸ் சாரதி ரசலிடம், "உங்கட பேருக்குச் செம்பட்டைத் தலையன் எண்டு கருத்து" என்றார். பாவம், அந்த மனுசன் முழு மொட்டை. கிளினிக்கில் நர்ஸ் கோர்பெற்றிடம், "உங்கட பேர் காகம்" என்றார். அன்றைக்கு ஊசி கொஞ்சம் ஆழமாகவே இறங்கியது.

எண்பத்தைந்தாம் ஆண்டு மாரிக் குளிரில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒற்றை அறை அப்பார்ட்மென்டில் ஐந்து பேர் இருந்தோம். ஒப்பந்தப்படி இரண்டு பேர்தான். யாரோ கோள் மூட்டிவிட்டார்கள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சுப்பிரின்டென்ட் பசெற் தலை எண்ண வந்து கதவைத் தட்டினார். வெளியே பனி கொட்டுகிறது. பிடிபட்டால் ஐந்து பேரும் றோட்டில்தான். மூன்று பேர் குளியலறைக்குள் பாய்ந்தார்கள். நானும் அண்ணையும் கதவைத் திறந்தோம். பசெற் என் தோளுக்கும் வரமாட்டார்.

"மிஸ்டர் பசெற், உங்கட பேர் சுத்தமான நோர்மன் பேர். கருத்துத் தெரியுமோ? கட்டையன்!"

நான் அண்ணையின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "ஐயோ அண்ணை, வாயைப் பொத்துங்கோ!" என்று தமிழில் கெஞ்சினேன்.

பசெற் அண்ணாந்து பார்த்தார். தொள்ளாயிரம் வருஷமாகவே தங்கள் ஆட்கள் கட்டைதானா என்று கேட்டார். "பரம்பரையா" என்றார் அண்ணை. மனுசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பள்ளிக்கூடம் தொட்டுத் தன்னைக் கேலி பண்ணினவர்களுக்கெல்லாம் இப்போதுதான் ஒரு பதில் கிடைத்தது என்றார். பிறகு அண்ணையின் பெயருக்கு என்ன கருத்தென்று கேட்டார்.

"நோர்மன்காரர் தகப்பன்ர பேருக்கு முன்னால 'பிற்ஸ்' எண்டு போடுவினம். மகன் எண்டு கருத்து. அப்ப நான் பிற்ஸ்-சின்னத்துரை. எங்களுக்குக் குடும்பப் பேர் இல்லை, அப்பற்ற பேர்தான். அவர் செத்துப் பத்து வருசம். ஊரில ஒருத்தரும் அவரைக் கூப்பிடுறேல்லை. இஞ்ச வந்தாப்பிறகு நாளுக்குப் பத்துத்தரம் 'மிஸ்டர் சின்னத்துரை' எண்டு கூப்பிடினம். கேக்க ஆசையாக் கிடக்கு."

பசெற் பேனையை எடுத்தார். குளியலறைக்குள் யாரோ தும்மினார்கள். அவர் காதில் விழாதமாதிரி, தாளில் 'இரண்டு பேர்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சின்னத்துரை என்பது அண்ணையின் அப்பா பெயரென்று எங்களுக்கு அப்படித்தான் தெரியவந்தது. அண்ணையின் சொந்தப் பெயர் இன்றுவரை தெரியாது.

அதுவரை தொழிற்சாலையில் என்னைக் "கந்தையா" என்று கூப்பிட்டால், செத்துப்போன அப்பாவை ஏன் இழுக்கிறான்கள் என்று பற்றிக்கொண்டு வரும். அந்த நாளோடு அது நின்றது. இப்போதும் எங்காவது "மிஸ்டர் கந்தையா" என்று கூப்பிட்டால் உடனே எழும்பமாட்டேன். அண்ணையை நினைத்துக்கொண்டு, இன்னொருதரம் கூப்பிடட்டும் என்று இருப்பேன்.