சகலையின் திரைச்சீலையும் என் மாம்பழத் தோரணமும்

என் சகலையின் ஜன்னல் திரைச்சீலைகளைப் பார்த்து நான் மூன்று வருஷம் பொறாமையில் வெந்திருக்கிறேன். இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு ஆண்பிள்ளை இன்னொரு ஆண்பிள்ளையின் நிலத்தைப் பார்த்து வயிறெரியலாம், உத்தியோகத்தைப் பார்த்து எரியலாம். அதிலெல்லாம் ஒரு கௌரவம் இருக்கிறது. துணியைப் பார்த்து எரிந்தவன் காரைக்காலிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சகலை வைத்திலிங்கம், என் மனைவி தனத்தின் அக்காவைக் கட்டியவர். சைகோனில் பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்த்துவிட்டு, இங்கே பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஊர் திரும்பினார். கப்பலில் அவரோடு கூடவே வந்திறங்கியவை: பூவேலை செய்த வெள்ளைத் திரைச்சீலைகள், கண்ணாடி போல மின்னுகிற அரக்குத் தட்டுகள், பிடியைத் தொடவே பயமாக இருக்கும் பீங்கான் கோப்பைகள். கோடையில் அவர் வீட்டு ஜன்னலில் வெள்ளைத் திரை தொங்கும். தீபாவளிக்குச் சிவப்பு. பொங்கலுக்கு மஞ்சள். எங்கள் வீட்டில் பருவத்துக்குத் தகுந்தாற்போல் மாறியது கூரை ஒழுகும் இடம் மட்டும்தான்.

இவ்வளவும் வைத்துக்கொண்டு மனிதர் கொஞ்சம் கர்வமாகவாவது இருந்திருக்கக்கூடாதா? இல்லை. வாசலில் போகிறவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தன் கையாலேயே காப்பி கொடுப்பார். என்னைப் பார்த்தால் "வாங்க தம்பி" என்று எழுந்து நிற்பார். வெறுக்க ஒரு காரணமும் தராத மனிதரைப் பார்த்துப் பொறாமைப்படுவது எத்தனை சிரமம் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். நான் அப்போது மேரியில் (நகராட்சி ஆபீசை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்) கடைசி மேஜைக் குமாஸ்தா. வரிச்சிக்குடியிலிருந்து மாமனார் டவுனுக்கு வந்தால் என் வீட்டில் செருப்பைக் கழற்றுவார், சகலை வீட்டில்தான் சட்டையைக் கழற்றுவார். சாப்பாடு, தூக்கம், தாயக்கட்டம் எல்லாம் அங்கேதான்.

அந்த வருஷம் ஆனி மாதத்தில் மாமனார் ஒரு சேதியோடு வந்தார். தனத்தின் கடைசித் தங்கை கமலாவுக்குப் பேரளம் பக்கத்திலிருந்து ஒரு வரன். மாப்பிள்ளை வீட்டார் மாங்கனித் திருவிழாவுக்கு வருகிறார்களாம். சாமியையும் பார்த்துவிட்டு அப்படியே பெண்ணையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று எண்ணம். ஏற்கெனவே வந்த இரண்டு இடங்கள், பலகாரம் சாப்பிட்டுவிட்டு "சொல்லியனுப்புறோம்" என்று போனவை போனவைதான். மாமனார் குரல் இறங்கியிருந்தது.

"இந்த இடமும் தட்டிப் போயிடக் கூடாது மாப்பிள்ளை. நல்ல குடும்பம். பெரியவர் வீட்டுலயே உக்கார வச்சுடலாம்னு பாக்குறேன்" என்றார்.

பெரியவர் வீடு, அதாவது சகலை வீடு. அந்த இரண்டு வார்த்தையில் எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. நான் சொன்னேன்: மாமா, அண்ணன் வீடு பின் வீதியில் இருக்கிறது, சாமி அந்தப் பக்கம் வருவதே இல்லை. என் வீட்டு வாசலில் நின்றால் பிச்சாண்டவர் முகத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். வருகிறவர்கள் சாமி பார்க்க வருகிறார்களா, திரைச்சீலை பார்க்க வருகிறார்களா?

(கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம். வாய் முந்திக்கொண்டது.)

மாமனார் தயங்கினார். ஆனால் சேதி தெரிந்ததும் சகலையே எனக்காகப் பேசினார். தம்பி சொல்வது நியாயம், அங்கேயே இருக்கட்டும், வேண்டுமானால் என் வீட்டுத் திரைச்சீலைகளையும் தட்டுகளையும் கொண்டுபோகட்டும் என்றார். வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுத்தேன். கடன் வாங்கிய அழகு எனக்குத் தேவையில்லை. என் சம்பளத்துக்குள் ஜோடித்து, சைகோனையே தலை குனிய வைக்கிறேன் என்று எனக்குள் சபதம் போட்டுக்கொண்டேன்.

முதலில் சுண்ணாம்பு அடித்தேன். காலி மருந்துப் பாட்டில்களில் சிவப்பும் பச்சையுமாகச் சாயத் தண்ணீர் ஊற்றி ஜன்னலில் வரிசையாக வைத்தேன். (தெருவில் போன ஒருவர் நின்று, கம்பவுண்டர் இருக்கிறாரா என்று விசாரித்தார்.) தனத்தின் கூறைப்புடவையை அவளைக் கேட்காமல் எடுத்துக் கூடத்து வாசலில் திரையாகத் தொங்கவிட்டேன். சோடாக் கடையில் கண்ணாடித் தம்ளர்கள் இரவல் வாங்கினேன். இத்தனை செய்தும் வீடு, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்ட அதே வீடாகத்தான் இருந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஆனி மாதம். ஊரெல்லாம் மாம்பழம். மாங்கனித் திருவிழாவுக்கு மாம்பழத்தை விடப் பொருத்தமான ஜோடனை உண்டா? எந்தச் சைகோன்காரனுக்கு இது தோன்றும்?

கூடை கூடையாக நீலம் மாம்பழம் வாங்கினேன். வாசலுக்கு முன்னால் மூங்கில் சட்டம் கட்டி, காம்போடு இருந்த பழங்களை வாழை நாரில் கோத்து, நடுநடுவே மாவிலை வைத்து, சரம் சரமாக ஆள் உயரத்துக்குத் தொங்கவிட்டேன். மிச்சத்தைக் கூடத்தில் பெஞ்சு மேல் கோபுரமாக அடுக்கினேன். நான் செய்தேன் என்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அழகாக இருந்தது. வாசலைத் தாண்டும்போதே மணம் ஆளைத் தூக்கியது.

தனம் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஏங்க, நாளைக்கு இந்தத் தெருவுல மாம்பழத்த இப்புடித் தொங்க விடலாமாங்க? சனம் சும்மா இருக்குமா?" என்றாள்.

அக்காவுக்காகப் பரிந்து பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் சகலை வந்தார். சரங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிரான்சிலிருந்து வந்தவர்கள் வீடுகளையெல்லாம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நேரம் அது. பிறகு மெதுவாக, "சாமி வர்றதுக்கு முன்னாடி கழட்டிருவீங்கல்ல தம்பி?" என்று கேட்டார்.

ஆகா, வந்துவிட்டது, அவருக்கும் பொறாமை வந்துவிட்டது! கழற்றச் சொல்கிறார் பாருங்கள். அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இந்த இடத்தில் எங்கள் திருவிழாவைப் பற்றி ஒரு வார்த்தை. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது இரண்டு பக்கத்து மாடிகளிலிருந்தும் மாம்பழங்களை இறைப்பார்கள். கீழே நிற்கிறவர்கள் துண்டிலும் முந்தானையிலும் ஏந்திக்கொள்வார்கள். பிள்ளை இல்லாதவர்களுக்கு அந்தப் பழம் கிடைத்தால் அடுத்த வருஷம் தொட்டில் ஆடும் என்பது நம்பிக்கை. இதையெல்லாம் நான் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். முந்தின வருஷம்கூட முண்டியடித்து இரண்டு பழம் பிடித்தவன்தான். பொறாமை கண்ணை மறைத்தால் சொந்த ஊரே மறந்துபோகும் போலிருக்கிறது.

காலையில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே நின்று தோரணத்தை மேலும் கீழும் பார்த்து, யார் கைவேலை என்று கேட்டார்கள். நான் அடக்கமாகத் தலையைச் சொறிந்தேன். உள்ளறையில் இருந்த கமலாவைச் சாமி போன பிறகு வரச்சொல்வதாக ஏற்பாடு. நன்னாரி சர்பத் கொடுத்தோம். தூரத்தில் மேளச் சத்தம் கேட்டதும் எல்லோரும் எழுந்து வாசலுக்கு வந்தார்கள்.

சாமிக்கு முன்னால் கூட்டம் வந்தது. எதிர் மாடியிலிருந்து விழுந்த பழத்துக்குக் கை நீட்டிய ஒரு அம்மா, அது தவறியதும் திரும்பினார். அவர் மூக்குக்கு நேரே என் நீலம் தொங்கிக்கொண்டிருந்தது. பறித்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பக்கத்திலிருந்தவர் இன்னொன்று பறித்தார். நான் பாய்ந்து போய்ச் சரத்துக்கு முன்னால் கையை விரித்து நின்றேன். ஒரு பெரியவர் மரியாதையாகக் கேட்டார்:

"ஏன் தம்பி, இது சாமிக்குன்னு கட்டுனதுதானே?"

என்ன சொல்வேன்? பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா கைகூப்பியபடி நிற்கிறார்கள். மாமனார் என் வாயையே பார்க்கிறார். மாங்கனித் திருவிழா அன்று, பிச்சாண்டவர் எதிரில், "இல்லைங்க, இது என் சகலைக்குப் போட்டி" என்று சொல்ல முடியுமா?

"ஆமாங்க. எடுத்துக்குங்க" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் முழுதாகப் பார்க்கவில்லை. மூங்கில் சட்டம் என் தலைமேல் இறங்கியிருந்தது. உள்ளேயும் கோபுரமாக அடுக்கியிருக்கிறது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். கூட்டம் வீட்டுக்குள் திரும்பியது. கூறைப்புடவை கிழிகிற சத்தம் கேட்டது. (அந்தச் சத்தத்தைத் தனம் இன்றுவரை எனக்கு அவ்வப்போது நினைவுபடுத்துவாள்.) சோடாக் கடைத் தம்ளர்கள் ஒவ்வொன்றாக உடைந்தன. சாயப் பாட்டில் ஒன்று மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் கவிழ்ந்தது. போச்சு, இந்த இடமும் என்னால் போச்சு என்று மாவிலைக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன். தலையில் பட்ட அடி வலிக்கவில்லை. மாமனார் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"யாரும் தள்ளக்கூடாது. புள்ள இல்லாதவங்க முன்னாடி வாங்க. ஆளுக்கு ஒரு பழம்."

கமலா. பட்டுப்புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு பெஞ்சு மேல் ஏறி நின்றிருந்தாள். குனிந்த தலையோடு காப்பித் தட்டு ஏந்தி வரவேண்டிய பெண். கூட்டம் அப்படியே அடங்கி வரிசையில் நின்றது. ஒரு கிழவருக்குக் கை எட்டவில்லை, கீழே நின்ற ஒருவரைப் பார்த்து, "ஏங்க, சும்மா நிக்கிறீங்களே, அந்தக் கூடைய எடுத்துப் புடிங்க" என்றாள். பச்சைச் சாயம் சொட்டும் வேட்டியோடு அவர் கூடையைப் பிடித்தார். அதுதான் மாப்பிள்ளை. கடைசிப் பழம் தீரும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

சாமி போன பிறகு எங்கள் வீட்டில் உட்கார இடமில்லை. தரையெல்லாம் சாறும் கொட்டையும். சேதி கேட்டு ஓடிவந்த சகலை, எல்லோரையும் பின்வீதிக்கு அழைத்துப் போனார். நான் தலைக்கு ஈரத்துணி கட்டிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தபோது, மாப்பிள்ளை சகலையின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, வெள்ளைத் திரைச்சீலையின் கீழே, பீங்கான் கோப்பையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மாமனார் சட்டையைக் கழற்றியிருந்தார். அரக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணத்தான் பாத்தாச்சே, இனிமே என்னத்தப் பாக்குறது" என்று சொல்லிவிட்டார்களாம்.

சந்தோஷம்தான். கமலாவுக்கு அமைந்துவிட்டதில் எனக்குக் கண்ணே கலங்கியது. ஆனாலும் அந்தத் தட்டைப் பார்க்கப் பார்க்க நெஞ்சுக்குள் ஒரு முள். சகலை என்னை இழுத்து நடுவில் உட்காரவைத்து, "இதெல்லாம் தம்பி பண்ணுன ஏற்பாடு. நான் என்ன, தண்ணிதானே குடுத்தேன்" என்றார். நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட விடமாட்டார் மனிதர்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்காவது வரன் தள்ளிப்போனால், "அவரக் கூப்புட்டு ஒரு தோரணம் கட்டச் சொல்லுங்க" என்பார்கள். சிரிப்பதற்காகத்தான் ஆரம்பித்தது. பல வருஷம் கழித்து ஒரு நாள் சகலையே என் வாசலில் வந்து நின்றார். அவர் மகளுக்கு ஒன்றும் கூடி வரவில்லை. "தம்பி, நீங்க ஒரு கை கட்டிக் குடுத்தீங்கன்னா…" என்றார். கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன், இல்லை. போய்க் கட்டினேன். தை மாதம், நல்லவேளை, மாம்பழம் கிடையாது. வந்தவர்கள் அன்றே முடித்துவிட்டார்கள்.

மாப்பிள்ளைக்குப் பாரீஸில் உத்தியோகம்.

என் மகளுக்கு வரன் பார்த்தபோதும் நானேதான் தோரணம் கட்டினேன். அம்பகரத்தூர் பள்ளிக்கூடத்து வாத்தியார் அமைந்தார். தங்கமான பையன், ஒரு குறை சொல்ல முடியாது. கோடையில் பாரீஸ் மாப்பிள்ளை வரும்போதெல்லாம், "நம்ம சித்தப்பா தோரணத்துல வந்த மாப்புள்ள" என்று என்னைக் காட்டிச் சொல்லி வீடே சிரிக்கும். நானும் கூடவே சிரிக்கிறேன். சிரித்துக்கொண்டே, அந்தப் பாரீஸ்காரர் கையில் கட்டியிருக்கிற கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.